வடிதுணியில் சோறு

குடுவை தளும்பும்வரை ஊற்றிய பிறகே மூடியைத் திருகுகிறார். விரலிடுக்கில் பச்சைச் சாறு வழிகிறது. உள்ளே காற்று துளியும் நிற்கக் கூடாது. காற்றுப் பட்டால் சாற்றில் வாழும் கிருமிகள் சாகும். வெந்நீர் ஊற்றி முன்பே சூடேற்றிய குடுவை. பழைய சால்வையில் சுற்றி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார்.

“காப்பியாக்கா?” என்று கண்டக்டர் கேட்டால், “ஆட்டு வயித்துத் தண்ணி. ஒரு மடக்கு குடிக்கியாடே?” என்பார். பக்கத்து இருக்கை காலியாகிவிடும்.

சுடலைவடிவுக்கு ஐம்பத்திரண்டு வயது. சேரன்மகாதேவிக்காரர். முன்பு நாற்று நட்டார். ஒன்பது வருடமாகக் கால்நடை ஆய்வுக்கூடம் ஒன்றில் தினக்கூலி. செவ்வாயும் வெள்ளியும் அறுப்புக்கூடத்துக்குப் போய், அப்போது அறுத்த ஆட்டின் இரைப்பையைப் பிழிந்து சாறு கொண்டுவர வேண்டும். ஆராய்ச்சி மாணவி ஃபர்ஹத் அதை ஆளிவிதை எண்ணெயுடன் குப்பிகளில் அடைத்து, ஆட்டின் உடல்சூட்டில் ஒருநாள் வைப்பாள். எண்ணெயிலுள்ள நல்ல, இளகிய கொழுப்பைக் கிருமிகள் இறுகிய கொழுப்பாக்கிவிடும். புளியங்கொட்டைத் தோலைச் சேர்த்தால் அது குறையுமா, நல்ல கொழுப்பு இறைச்சிவரை போய்ச் சேருமா என்பது அவளுடைய கேள்வி.

வடிவின் விளக்கம் இன்னும் சுருக்கம். “அந்த எண்ணெ அதுகளுக்கு வெசம்ளா. வெசத்த வச்சிக்கிட்டு எப்பிடிப் பொழைக்க? அதான் கட்டியாக்கிப் போடுது.”

அறுக்குமுன் ஆட்டைப் பார்த்து, வாயை முகராமல் அவர் சாறு எடுப்பதில்லை. விற்பனைக்கு வரும் ஆட்டுக்கு, வயிறு புடைத்துத் தெரிய, முந்தின நாள் சிலர் சோறும் உப்புத்தண்ணீரும் கொடுப்பார்கள். சோறு தின்ற வயிறு புளித்துவிடும். அதில் வேறு கிருமிகள் பெருகி எண்ணெயை வேறு விதமாக மாற்றும். வடிவு கொண்டுவரும் சாற்றை ஃபர்ஹத் சோதிப்பதை விட்டு ஒரு வருடம் ஆகிறது.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் தாமதம். வடிவு போனபோது ஆடு உரிபட்டுத் தொங்கியது. குடல் கழுவும் ஹமீது பீவி இரைப்பையை எடுத்து வைத்திருந்தார்.

“சூடு ஆறப்போவுது, எடுளா. ஆட்டு மொகத்தப் பாக்காட்டா ஒனக்குத் தூக்கம் வராதோ?”

வடிவு பிழிந்துகொண்டு கிளம்பினார்.

ஆய்வுக்கூடத்தில் நாற்பத்தெட்டுக் குப்பிகள் வரிசையாக இருந்தன. கடைசிச் சுற்று. கொழுப்பைப் பிரித்துக் காட்டும் இயந்திரம் வெளியூரில் இருந்தது. ஃபர்ஹத்துக்கு வியாழக்கிழமை ஒருநாள்தான் ஒதுக்கியிருந்தார்கள். விட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஆய்வுக்கான கெடுவோ அந்த மாதத்தோடு முடிகிறது.

வடிவு நான்காக மடித்த துணியில் சாற்றை வடித்தார். துணியில் தங்கியது தழை அல்ல. புளித்த சோறு, முழுப் பருக்கைகளாக. குழாயடியில் ஒருமுறை அலசினால் போதும். ஃபர்ஹத் முதுகைக் காட்டிக்கொண்டு குப்பிகளில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

“வடிச்சாச்சாக்கா?”

“இங்கன வா.”

அவள் துணியைப் பார்த்தாள். ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தாள்.

“ஆட்டப் பாக்கலியா?”

“பாக்கல. எம்மேலதான் தப்பு. திரும்பப் போயி வேற எடுத்தாரட்டா?”

“இனி நாளைக்குத்தான அறுப்பாங்க. நாளைக்குப் போட்டா வியாழனுக்கு ஆவாதுக்கா.” துணியை மடித்து மேசைமேல் வைத்தாள். “நீங்க காட்டாமலே இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கலாம். ஏலல.”

ஃபர்ஹத் சாற்றைத் தொட்டியில் கவிழ்த்தாள். கையைக் கழுவிவிட்டு வெளியே போனாள்.

மறுநாள் புதன்கிழமை. ஃபர்ஹத் வரவில்லை. சாறு எடுக்கும் நாளும் அல்ல. வடிவு முதல் பஸ்ஸில் அறுப்புக்கூடத்துக்குப் போனார். கட்டியிருந்த எட்டு ஆடுகளின் வாயையும் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்தார். பிறகு வேலைக்குப் போனார்.