கை காயும் வரை

ரோஹிணி ஸ்பெயினைப் பார்த்ததில்லை. பாஸ்போர்ட்டே கிடையாது. ஆனாலும் சேலையூர் கேம்ப் ரோட்டில், மருந்துக்கடை மாடியில், எட்டு வருஷமாக ஸ்பானிஷ் ஆரம்ப வகுப்பு எடுக்கிறவள் அவள்தான். கால்சென்டர் வேலைக்காகக் கற்றுக்கொண்ட மொழி. வேலை போய்விட்டது, மொழி தங்கிவிட்டது.

சனிக்கிழமைதோறும் கடைசி ஒரு மணி நேரம் இலக்கணத்தை மூடி வைத்துவிட்டு, அந்த ஊர்க்காரர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படி விசாரித்துக்கொள்கிறார்கள் என்று சொல்லுவாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும்! வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நடமாடுகிறவள் போலிருக்கும். அதற்குத்தான் வேட்டு வைக்கப் பார்த்தார், அந்தப் பயிற்சி நிலையத்தின் முதலாளி சுகுமார்.

"எக்ஸாம்ல வராததை எதுக்கும்மா நடத்தறீங்க? அடுத்த பேட்ச்ல தூக்கிடலாம். நீங்களே அங்க போனதில்லையே."

கெட்டவர் இல்லை, பாவம். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் ரோஹிணிக்குச் சுருக்கென்றது. ஒரே ஒரு சனிக்கிழமை வந்து உட்காருங்கள், அப்புறம் முடிவு பண்ணுங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

அன்றைக்குப் பாடம் 'சோப்ரேமேசா'. மதியச் சாப்பாடு முடிந்ததும் எழுந்து ஓடாமல், அதே மேஜையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிற வழக்கம். நம் கல்யாணப் பந்தியில் சாப்பிடும்போதே அடுத்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அதற்கு நேர் எதிர். ரோஹிணி தோசைக்கல்லில் உருளைக்கிழங்கு ஆம்லெட் போட்டுக் கொண்டுவந்தாள். மாணவர்கள் ஒன்பது பேரும் எலுமிச்சை சாதம், தயிர் சாதம் என்று கொண்டுவந்தார்கள். சுகுமாருக்கும் ஒரு தட்டு. சட்டம் இதுதான்: ஸ்பானிஷில் மட்டுமே பேசவேண்டும், முக்கால் மணி நேரம் யாரும் எழுந்திருக்கக் கூடாது.

எல்லாம் யோசித்தவள் ஒன்றை மறந்துவிட்டாள். அவர்கள் முள்கரண்டியில் சாப்பிடுகிறவர்கள், நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள்! தயிர் சாதம் தின்ற எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி ஒன்பது பேரும் பேந்தப் பேந்த விழித்தார்கள். கை காயக் கூடாது என்று வீட்டில் திட்டு வாங்கியே வளர்ந்தவர்கள். அந்தக் கவலையில் படித்த ஸ்பானிஷ் மொத்தமும் பறந்துவிட்டது.

கோவளத்தில் வெள்ளைக்காரர்களுக்கு அலைச்சறுக்கு கற்றுத்தரும் தனக்கோடி கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தான். அப்புறம் தமிழிலேயே முனகினான். "அக்கா, கை காஞ்சி இஸ்துகினு கீதுக்கா."

சுகுமார் கடிகாரத்தைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் ரோஹிணி. சரி, எழுந்திருங்கள் என்று வாயைத் திறக்கப் போனாள்.

அதற்குள் ஜான்சி பேசினாள். பொழிச்சலூர் ஜான்சி, நர்ஸ். ஆறு வாரமாக, கேட்ட கேள்விக்குக்கூட வாய் திறக்காதவள். போன வாரம் படித்த வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்து, ஸ்பானிஷில் கேட்டாள்: டீச்சர், உங்கள் வீட்டில் யாரோடு சாப்பிடுவீர்கள்?

தமிழில் கேட்டிருந்தால் ரோஹிணி சிரித்து மழுப்பியிருப்பாள். அம்மா செத்துப்போனதிலிருந்து நாலு வருஷமாக அப்படித்தான் மழுப்புகிறாள். ஆனால் அன்றைக்குச் சட்டம் போட்டவள் அவளே.

"சோலா," என்றாள். தனியாக. அப்புறம் மெதுவாகச் சேர்த்தாள்: அடுப்படியில், நின்றுகொண்டே.

ஒன்பது பேருக்கும் புரிந்தது. சுகுமார் மட்டும், என்ன சொன்னாங்க, என்ன சொன்னாங்க என்று பக்கத்தில் கேட்டார். யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. தனக்கோடி, அடுத்த சனிக்கிழமை நான் மீன் கொண்டுவருகிறேன் என்று தப்பும் தவறுமாக ஸ்பானிஷில் சொன்னான். ஜான்சி, மீனுக்கு நான் சோறு என்றாள். என்ன மீன், எவ்வளவு காரம் என்று பேச்சு பிடித்துக்கொண்டது. ஒருவரும் கையைப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் எழுந்தார்கள். குழாயடியில் சுகுமார் காய்ந்த பருக்கையைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "அடுத்த பேட்ச்லயும் இருக்கட்டும்மா. ஸ்பூன் மட்டும் வாங்கி வெச்சுடுங்க."

ரோஹிணி உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையாட்டினாள். எல்லாரும் கழுவிவிட்டு வந்தும் அவள் காய்ந்த கையோடு மேஜையிலேயே இருந்தாள். ஜான்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.