பிழையென்று நான் சொன்ன அறிக்கை

ஹட்டனில் இருந்த தேயிலைத் தோட்டக் கம்பனி அலுவலகத்தில் என்னை எடுத்தது எண்களை ஏற்றுவதற்கு. ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் வரும் கொழுந்து நிறைச் சீட்டுகளைப் பார்த்து, யார் எத்தனை கிலோ பறித்தார்கள் என்று கணினியில் தட்ட வேண்டும். என் மேசைக்கு எதிரே கணினிப் பொறுப்பாளரின் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் இருந்தவர் கொழும்பில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். திம்புள்ளப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயமொன்றில் பிறந்து, உயர்தரம் முடித்து, கண்டியில் தங்கி மென்பொருள் படித்தவள் நான். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவர்கள் கிடையாது, பெருவிரல்தான். அந்த நாற்காலிக்கு நான் பொருத்தமில்லை என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மனேஜர் ஒருநாள் கூப்பிட்டார். அலுவலகத்து இணையப் பக்கங்களில் எண்களை ஏற்றலாம், ஆனால் அறிக்கை பார்க்க வழியில்லை. மாதக் கடைசியில் யாராவது ஒருவர் தனியாக அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கத்துக்குள்ளேயே அறிக்கை தெரிய வேண்டும், புரட்டிப் பார்க்கவும் அச்சடிக்கவும் முடிய வேண்டும் என்றார். செய்து முடித்தால் அந்த நாற்காலிக்கு என்னைச் சிபாரிசு செய்வதாகவும் சொன்னார்.

அதற்கென்று ரிப்போர்ட் வியூவர் என்று ஒரு பாகம் உண்டு. பக்கத்தில் அதை வைத்துவிட்டால் மேலே பட்டன்களோடு ஒரு பட்டை வரும், கீழே அறிக்கை வரும். சொல்வதற்கு இவ்வளவுதான். என் கணினியில் அழகாக வந்தது. சேர்வரில் ஏற்றியதும் பட்டன்கள் இருந்த இடமெல்லாம் சிவப்புப் பெருக்கல் குறிகள். அந்தப் பாகத்தைச் சேர்வரிலும் தனியாக நிறுவ வேண்டும், அமைப்புக் கோப்பில் அதற்கென ஒரு வரி எழுத வேண்டும் என்று நானே தேடித்தான் கண்டுபிடித்தேன். அதன்பிறகு இன்னொரு தொல்லை. அடுத்த பக்கம் என்று அழுத்தினால் மறுபடியும் முதல் பக்கமே வந்து நின்றது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் சேர்வர் பக்கத்தை ஆதியிலிருந்து கட்டி அனுப்புகிறது. நானோ ஒவ்வொரு தடவையும் அறிக்கைக்குப் புதிதாகத் தரவை ஊட்டிக்கொண்டிருந்தேன். முதல் தடவை மட்டும் ஊட்டும்படி மாற்றினேன். பக்கம் புரண்டது. அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் கால் வலிக்கவில்லை.

காட்டிய அன்று மனேஜரும் கணக்காளரும் என் பின்னால் நின்றார்கள். கணக்காளர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல உத்தியோகக் குடும்பம். ஒரு தோட்டத்தைத் தெரிவு செய்தேன். ஒரு மலையில், அதாவது தோட்டத்தின் ஒரு பகுதியில், கொழுந்தெடுக்கும் அத்தனை பெண்களும், ஒரு மாதத்தின் அத்தனை நாட்களும், ஒரே பக்கத்தில் வந்தன. இதற்கு முன் அந்த எண்களை அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்த்ததில்லை. நாளாந்தக் கூட்டுத்தொகையைத்தான் பார்த்தார்கள்.

மனேஜர் குனிந்து பார்த்தார். பிறகு மூன்றாம் மலையைக் காட்டச் சொன்னார். அது என் அம்மா வேலை செய்யும் மலை. இருபது வயதுப் பெண்ணுக்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரிக்கும் ஒரே நிறை. ஒரு பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, குறித்த நிறை எதுவோ அதை ஒட்டியே எல்லா எண்களும், நாள் தவறாமல்.

மனேஜர் கேட்டார்: நீ அந்த லயத்துப் பிள்ளைதானே, இது எப்படி என்று உனக்குத் தெரியாமலா இருக்கும்?

தெரியும். குறித்த நிறை வராவிட்டால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். காய்ச்சலோடு மலைக்கு வந்தவள், பிள்ளை பெற்று எழுந்தவள், என் அம்மாவைப் போல இழுப்பு வந்து மூச்சு வாங்குகிறவள் — இவர்கள் கூடையில் பக்கத்து நிரைக்காரிகள் ஆளுக்கு இரண்டு பிடி கொழுந்து போட்டுவிடுவார்கள். கொழுந்து மடுவத்தில், அந்த நிறுவைக் கொட்டகையில், நிறுக்கும்முன் இது முடிந்துவிடும். கங்காணி அப்போது வேறு திசையில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாம் மலையில் யாருக்கும் அரைப்பேர் விழாது. மேலதிகக் கிலோவுக்கான காசும் யாருக்கும் வராது. என் அறிக்கை அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தது, ஒரு கிலோ பிசகாமல்.

இதைச் சொன்னால் அடுத்த நாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலேயே அவர்களை நிறுத்திவைத்து விசாரிப்பார்கள். தெரியாது என்றால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையை விட்டு விசாரிப்பார்கள்.

"பிழை என்னோடதுதான் சேர்" என்றேன். "நிறையை முழு எண்ணாக்குற இடத்துல தப்பா எழுதிட்டேன். கிட்டத்தட்ட வர்றதெல்லாம் ஒரே எண்ணாக் காட்டுது."

சொல்லிவிட்டு, மூலத் தரவைத் திறந்து காட்டு என்று கேட்பார்களோ என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் பொய் உடைந்திருக்கும். ஒருவரும் கேட்கவில்லை.

"நான் அப்பவே சொன்னனான்" என்றார் கணக்காளர் மனேஜரிடம். பிறகு என்னிடம், "பிள்ளை, குறை நினையாதையும். உது கொழும்பிலை படிச்ச ஆக்கள் செய்யிற வேலை. நீர் உம்மடை சீட்டுகளைப் பாரும்" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். மனேஜர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். லயத்திலிருந்து வந்தவள் செய்த வேலை சரி என்று காட்ட எனக்கு வாரக்கணக்கில் பாடுபட வேண்டியிருந்தது. பிழை என்று காட்ட ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

நடந்ததை அம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன். இனிமேல் எல்லாருக்கும் ஒரே நிறை வராமல் ஏற்ற இறக்கமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அம்மா அடுப்பை விட்டு எழும்பவில்லை.

"அதுக்கு நீ ஏன்டி தப்புப் போட்டேன்னு சொல்லணும்?"

"வேற என்னத்தச் சொல்றது? உங்களையெல்லாம் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா?"

"நாங்க என்ன களவா எடுத்தோம்? ஒருத்தி கூடையில ஒருத்தி போட்டோம். கேட்டா நாங்க பதில் சொல்லிக்குவோம். உனக்குத் தெரியாதுன்னு ஒருத்தன் சொல்லிட்டானே, அதுக்கா உன்னப் படிக்க வச்சேன்?"

நன்றி எதிர்பார்த்துத்தான் சொன்னேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அம்மா எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அலுவலகப் பியோன் மூலம் செய்தி லயத்துக்கு வந்துவிட்டது. பஸ்ஸுக்கு நிற்கும்போது மூன்றாம் மலைக்காரி ஒருத்தி, அம்மாவின் கூடையில் எத்தனையோ தடவை கொழுந்து போட்டவள், சிரித்துக்கொண்டு கேட்டாள்: "என்ன டீச்சர், கொம்பியூட்டருக்கும் கணக்குத் தப்புமாமே? எங்க கங்காணிக்கிட்ட விட்டிருந்தா சரியாப் போட்டிருப்பாரே!" கூட நின்றவர்கள் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் அதுவும் பியோன் வழியே அலுவலகத்துக்குத் திரும்பிப் போகும். பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாற்காலிக்குக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், என்னை 'மிஸ்' என்று அழைப்பார். நிறுத்திவைத்திருந்த அறிக்கைப் பக்கம் சில வாரங்களில் திரும்பவும் வந்தது. ஆவலில் கோப்பைத் திறந்து பார்த்தேன். தரவை முதல் தடவை மட்டும் ஊட்டும் என் வரி அப்படியே இருந்தது. நிறையைக் காட்டும் இடத்திலும் அவர் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. மாற்ற அங்கே ஒன்றும் இல்லை. மேலே ஆக்கியவர் பெயர் மட்டும் அவருடையது.

அவர் காட்டியது நடப்பு மாதத்தை. மூன்றாம் மலையில் நிறைகள் இப்போது முன்னும் பின்னுமாக இருந்தன. பழைய மாதங்களைத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை. இப்போதுதான் எண்கள் ஒழுங்காக வருகின்றன என்று கணக்காளர் சொன்னார். நான் சீட்டில் இருந்த அடுத்த பெயரைத் தட்டினேன்.