கம்மி மார்க் கேட்டேன், கொடுத்தார்களா?

பரீட்சை என்று சொன்னால் போதும், எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வெறி வந்துவிடுகிறது. அந்த வெறிதான் என் ஆராய்ச்சியைக் குட்டிச்சுவராக்கியது.

ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடத்திட்டம் எங்கே நிற்கிறது, பிள்ளைகள் உண்மையில் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. சில பள்ளிகளில் தேர்வு வைப்போம். எங்கே ரொம்பவும் பின்தங்கியிருக்கிறார்களோ, அங்கே ஒரு வருடத்துக்குத் தனியாக ஒரு கணக்கு டீச்சர் வந்து, விட்டுப்போனதையெல்லாம் முதலிலிருந்து நடத்துவார்.

தாமிரபரணிக் கரையில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற ஒரு பள்ளியில் இதை விளக்கிச் சொன்னபோதே ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"மேடம், ஏழாப்புல எங்களுக்குக் கணக்கு டீச்சரே இல்ல. இப்ப எக்ஸு, ஒய்னு என்னமோ போடுதாவ, ஒண்ணும் ஓடமாட்டேங்கு. நான் பிளஸ் ஒன்ல கணக்கு குரூப் எடுக்கணும். அந்த டீச்சர் வருவாவளா?"

வகுப்பே சிரித்தது. அவள் உட்காரவில்லை.

"வருவாவ. தெரிஞ்சத மட்டும் எழுது. தெரியாதத அப்படியே விட்டுரு" என்றேன். தலைமையாசிரியரிடமும் தலைபாடாக அடித்துக்கொண்டேன்: சார், மார்க் குறைந்தால்தான் டீச்சர். நன்றாகத் தலையாட்டினார் மனுஷன்.

தேர்வன்று என்னை ஆபீஸ் அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். "வெளியாள் நின்னா பிள்ளையளு பயப்படும் மேடம். நாங்க பாத்துக்கிடுதோம்." காபி வந்தது. வாழைக்காய் பஜ்ஜி வந்தது. எழுந்தால் இன்னொரு தட்டு வந்தது. உபசாரம் செய்தே ஆளைக் கட்டிப்போடுவது எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கைவந்த கலை.

சாயங்காலம் வீட்டில் தாள்களைப் பிரித்தேன். எல்லாம் சரி. அத்தனை தாளிலும் ஒரே விடை, ஒரே வரிசை. கடைசிக் கேள்வி, "எந்தப் பாடம் புரியவில்லை? உன் சொந்த வார்த்தைகளில் எழுது." அதற்கு எல்லாரும், "அனைத்துப் பாடங்களும் எளிதில் புரிகின்றன." வகுப்பு முழுவதற்கும் ஒரே சொந்த வார்த்தை! அடப்பாவிகளா!

மறுநாள் காலையில் போய் நின்றேன். தலைமையாசிரியர் வாயெல்லாம் பல். "பாத்தியளா மேடம், நம்ம பிள்ளையள!"

"கம்மி மார்க் வாங்கினாத்தான் டீச்சர்னு சொன்னேனே, சார்?"

"சொன்னிய. அதுக்காவ? பக்கத்து ஸ்கூல்காரன் சிரிக்க மாட்டானா? அதான் விடைய போர்டுலயே எழுதிப் போடச் சொல்லிட்டம்லா."

திரும்ப ஒருமுறை வைக்கலாம் என்று கெஞ்சினேன். எழுதின பரீட்சையை யாராவது திரும்ப எழுதுவார்களா என்று என்னையே கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன். வராந்தாவில் நின்று என் ஆய்வு வழிகாட்டிக்குப் போன் போட்டேன். பார்த்து எழுதின தாள் ஆய்வுக்கு ஆகாது, அந்தப் பள்ளியை விட்டுவிடுங்கள், டீச்சரை வேறு பள்ளிக்கு அனுப்பலாம் என்று சொல்லிவிட்டார்.

வாசலுக்கு வந்தால் அந்தப் பெண் ஓடி வருகிறாள். "மேடம், டீச்சர் எப்ப வருவாவ?"

"எல்லாத்தையும் சரியா எழுதி வச்சிருக்கியளே. பிறகு எப்படி வருவாவ?" எரிச்சலை அவள்மேல் காட்டிவிட்டேன்.

"நான் விட்டுத்தான் வச்சேன், மேடம். நீங்க சொன்னியல்லா? ஹெச்எம் சார்தான், 'ஏட்டி, பள்ளிக்கூடத்து மானத்த வாங்காத'ன்னு பக்கத்துலயே நின்னு எழுத வச்சாவ."

அவள் என் கைப்பையின் பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப ஒரு கணக்கு கேளுங்க மேடம். தப்பாத்தான் சொல்லுவேன்."