நல்ல தண்ணீரை மலையேற்றியவர்

நாரந்தனை வான் வண்டிச் சாரதி இராசேந்திரம் அண்ணை காலமான செய்தி, நான் ஊர்காவற்றுறையில் பஸ்ஸுக்கு நின்றபோது தொலைபேசியில் வந்தது. பஸ்ஸை விட்டுவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தேன். அவர் இருந்திருந்தால் அதற்கும் ஏசியிருப்பார்.

அவருடைய வானில் ஏறாதவர் எங்கள் பக்கத்தில் குறைவு. ஆனால் அவர் மலையேறியதை நேரில் கண்டவர்கள் நாங்கள் நால்வர்தான். மலைநாட்டில் மண்சரிவில் வீடிழந்த தேயிலைத் தோட்ட மக்களுக்கு அரிசியும் உடுப்பும் சேர்த்தோம். தண்ணீரும் வேண்டும் என்றார் அண்ணை. கிணறெல்லாம் உவரான எங்கள் தீவில் தண்ணீர் லொறியான பவுசரைப் பார்த்திருந்தே பழகிய எங்களில் ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை. பத்துப் பிளாஸ்டிக் கான் நல்ல தண்ணீரை ஏற்றினோம்.

வாழ்நாள் முழுக்கச் சமதரையில் ஓட்டியவர் அவர். தேயிலைக்கு அப்பால் தார் முடிந்து, கல்லும் சேறுமே பாதையானது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் அடி தெரியாத பள்ளம். மூன்றாவது வளைவில் வான் இழுக்காமல் பின்னுக்கு வழுக்கியது. சில்லுக்குக் கல் வைத்து நிறுத்தினோம். தண்ணீரை ஊற்றிப் பாரத்தைக் குறைப்போம் என்றேன்.

"நல்ல தண்ணியை நிலத்தில ஊத்தவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றார். பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கும் பயமாத்தான் கிடக்கு. நீங்கள் இறங்கி நடவுங்கோ. நான் தனியக் கொண்டு வாறன்" என்றார்.

குதிக்க வசதியாக மலைப் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்து, முதலாம் கியரில் ஏறினார். நாங்கள் கையில் கல்லோடு பின்னால் நடந்தோம். ஒருமுறை பின்சில்லு விளிம்பு மண்ணை உதிர்த்தது. ஆனாலும் அவர் குதிக்கவில்லை.

மேலே, மக்கள் தங்கியிருந்த பாடசாலை வாசலில், பாறையிலிருந்து இழுத்த குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதைத் திருகி மூட ஒரு பைப்புக்கூட இல்லை. எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. அங்கிருந்த பெண்களோ சிரிக்காமல், நாங்கள் கொண்டுபோன தண்ணீரிலேயே தேநீர் போட்டுத் தந்தார்கள். ஒருத்தி மட்டும், உப்புப் போட்டாயா என்று பக்கத்தில் நின்றவளிடம் மெல்லக் கேட்டாள். அது காதில் விழாதவர்போல அண்ணை இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்தார்.

காலியான கான்களில் மலைத் தண்ணீரை நிரப்பினார். இறக்கத்திலும் எங்களை நடக்க வைத்தார். நாரந்தனையில் வீட்டுக்கு வீடு ஒரு செம்பு கொடுத்தபோது, "அங்கை சும்மா ஓடுது" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கான்களில் ஒன்று என் குசினியில் அடுப்பருகே இருக்கிறது. செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கு அதில்தான் தண்ணீர் கொண்டுபோனேன். மிஞ்சியதை ஊற்ற மனம் வரவில்லை. திரும்பவும் வீட்டுக்குச் சுமந்து வந்தேன்.