இடத் தோளின் முடிச்சு

மாமா வீட்டுக் கூடத்தில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் ஒரு பச்சைக் கயிறு தொங்குகிறது. சுண்டுவிரல் தடிமனில் பின்னிய கயிறு. ராணுவச் சீருடையில் தோளைச் சுற்றிப் போட்டு, நுனியைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொள்வார்களே, அந்தக் கயிறுதான். அதன் நடுவில் ஒரு முடிச்சு இருக்கும். அழகுக்குப் போட்டதாகத் தெரியாது. அவசரத்தில் மாட்டைக் கட்டியவன் போட்டது மாதிரி முரட்டு முடிச்சு. கயிறு வெளுத்துப் பாசி நிறத்துக்கு வந்துவிட்டது. முடிச்சின் உள்மடிப்பில் மட்டும் பழைய பச்சை அப்படியே இருக்கிறது. இப்போதெல்லாம் அனுமந்தன்பட்டிக்குப் போனால் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. காலாட்படை பட்டாலியன் ஒன்றில் சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராக வெளியே வந்தவர். இப்போது ஊரில் ஒரு சின்னத் திராட்சைப் பந்தலை வைத்துக்கொண்டு வெயிலோடும் இலையைக் கருக்குகிற செவட்டை நோயோடும் மல்லுக்கு நிற்கிறார். பட்டாளத்துக் கதைகளை அளந்துவிடுகிற ரகம் இல்லை. அதனால் அவருக்கான கதைகளை நாங்களே தயாரித்துக்கொண்டோம். அந்த முடிச்சு குலசாமிக்கு நேர்ந்துகொண்டு போட்டது என்பது அம்மாவின் முடிவு. நான் பள்ளிக்கூடத்தில் வேறு கதை விட்டிருந்தேன். ஒரு தடவை மாமாவிடமே கேட்டதற்கு, "ஒரு ஆளுக்காகப் போட்டது மாப்ள" என்று மட்டும் சொன்னார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. மாமா எதிரிப் படையில் ஒருத்தனைப் பிடித்துக் கட்டி இழுத்து வந்த கயிறு அது என்று வகுப்பு முழுக்கப் பரப்பிவிட்டேன். பையன்கள் என்னைக் கொஞ்ச நாள் மரியாதையாக நடத்தினார்கள்.

வருடத்தில் ஒரு நாள் மாமா அந்தக் கயிற்றை எடுத்து மாட்டிக்கொண்டு வருசநாட்டுக்குப் போவார். அது அவருடைய பட்டாலியன் தொடங்கப்பட்ட நாள். அங்கே இலவந்தோப்புக்குள் ஒரு வீட்டில், அதே பட்டாலியனில் இருந்து சண்டையில் போன ஒருவரின் மகள் இருக்கிறார். மாமா அவரைத் தங்கச்சி என்பார். எனக்கு அவர் வருசநாட்டுச் சின்னம்மா. சில வருடம் நான்தான் பைக்கில் மாமாவைக் கூட்டிப் போயிருக்கிறேன். வண்டிச் சத்தம் கேட்டதும் சின்னம்மா முடியில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டு வெளியே வந்து மாமாவின் முகத்தைப் பார்ப்பார். "என்னண்ணே, போன வருசத்துக்கு மெலிஞ்சுபோனீக" என்பதுதான் எப்போதும் முதல் பேச்சு. சாப்பாட்டுக்கு உட்காரும்போது முதல் இலையை யாரும் உட்காராத இடத்தில் போட்டுச் சோறு வைப்பார்கள். அதற்கப்புறம்தான் எங்களுக்கு. சின்னம்மா தன் அப்பாவுக்குத் திதி கொடுக்கிற வழக்கம் என்று நினைத்துக்கொண்டு, குழம்பு நன்றாக இருந்ததால் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். தேனியில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, கட்சிக் கூட்டம் என்று எதுவானாலும் முகம் பளிச்சென்று இருக்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். வாழ்நாளில் சிரித்தே அறியாத மனிதர்களைக் கூட அஞ்சலி பேனரில் சிரிக்க வைத்திருக்கிறேன். தழும்பை எடுப்பேன், தொப்பையைக் குறைப்பேன், நரையைக் கறுப்பாக்குவேன். எவரும் இதுவரை குறை சொன்னதில்லை. செத்தவர்கள் சொல்ல முடியாது, இருக்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள்.

போன வருடம், அந்தப் பட்டாலியனில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் தங்கள் தொடக்க நாளை மாமா ஊரில் கூடிக் கொண்டாடுவதாக ஏற்பாடு. பராகானா என்கிற பெரிய விருந்து உண்டு. அதிகாரியாக இருந்தவர்கள் பரிமாற, சிப்பாயாக இருந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். அதற்குச் சின்னம்மாவும் வருவதாக இருந்தது. ஊர் இளைஞர்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் மாமாவுக்குப் பெரிய பேனர் வைக்க வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். சொந்த மாமாவுக்குச் செய்வது என்பதால் நானே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன்.

மாமாவின் சீருடைப் படம் ஒன்று நல்ல தெளிவாக இருந்தது. ஒரே சிக்கல், அதில் மாமா வெளிப்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபக்கம் அந்தப் பகுதியின் அரசியல் தலைவர் ஒருவரின் படம். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது மாதிரி ஆகிவிடும். இதற்கெல்லாம் நாங்கள் யோசிப்பதே இல்லை, படத்தைக் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாகத் திருப்பிவிடுவோம். திருப்பினேன். சட்டையில் இருந்த பெயர்ப் பட்டை எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரிந்தன. அதைக் கவனமாக அழித்துப் புதிதாக எழுதி, ஒட்டியதே தெரியாத மாதிரி செய்தேன். என் கைத்திறமையில் நானே சொக்கிப்போன நேரத்தில், தோள் கயிற்றில் அந்த முடிச்சு கண்ணில் பட்டது. இவ்வளவு மிடுக்கான சீருடையில் இது ஒன்று மட்டும் அழுக்குப் போல உறுத்தியது. அதையும் துடைத்தேன். கயிறு வழுவழுவென்று வலத் தோளில் இருந்து இறங்கியது.

விழா அன்று காலை வெளியூர்களில் இருந்து வந்தவர்கள் வேனில் இறங்கினார்கள். எல்லாருமே அறுபதைத் தாண்டியவர்கள். தொப்பியும் பதக்கமும் அணிந்து, இடத் தோளில் முடிச்சிட்ட பச்சைக் கயிற்றோடு வந்திருந்தார்கள். இறங்கும்போது பெரிய கலகலப்பு. பேனரைப் பார்த்ததும் அது அப்படியே அடங்கிவிட்டது. குமுளிப் பக்கத்தில் இருந்து வந்திருந்த மலையாளத்துக்காரர் ஒருவர் தன் கையை மெல்ல உயர்த்தி, தன் முடிச்சு அங்கேயே இருக்கிறதா என்பது போலத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். படத்தின் பிரமாண்டத்தில் வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் பக்கத்தில் போய் நின்றேன்.

மாமா தன் டிவிஎஸ்ஸில் வந்து இறங்கினார். பேனரைப் பார்த்தார். வண்டியை ஸ்டாண்டு போடக்கூட இல்லை.

"இத யாரு செஞ்சது?"

"நான்தான் மாமா."

"இறக்கு மாப்ள. வருசநாட்டுல இருந்து தங்கச்சி வருது. அது வர்றதுக்குள்ள இறக்கு."

என்னை அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது. பேனர் வைத்த இளைஞர்களின் தலைவன் குறுக்கே வந்தான். "என்னங்க இப்பிடிச் சொல்றீக. தலைவரு இந்தா வந்துக்கிட்டு இருக்காக. அவுக படம் போட்டத அவுக வர்ற நேரத்துல இறக்குனா நாங்க தொலைஞ்சோம்" என்றான். பேனரைக் கட்டியிருந்த கயிறு என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. சுருக்குத்தான் போட்டிருந்தோம், இழுத்தால் ஒரு பக்கம் விழுந்துவிடும். ஆனால் அந்தத் தலைவரின் ஆட்கள் என் கடைக்கு வாடிக்கையாளர்கள். "கூட்டம் முடியவும் இறக்கிருவோம் மாமா" என்று சொல்லிக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடி நின்றேன்.

அப்போதுதான் மாமா, வாழ்நாளில் முதல் தடவையாக, அந்த முடிச்சின் கதையை ஊருக்கு முன்னால் சொன்னார். அவர் பட்டாளத்தில் சேர்வதற்கு முன்பு நடந்த ஒரு சண்டை அது. வடக்கே ஒரு மலை உச்சியை அந்தப் பட்டாலியனின் ஒரு கம்பெனி காத்துக்கொண்டிருந்தது. மூடுபனி. பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது. சரிவின் ஓரத்தில் இயந்திரத் துப்பாக்கியோடு ஒருவர் தனியாக எதிரியைத் தடுத்துக்கொண்டிருந்தார். இவர் சொல்வார் என்று அவரும், அவர் சொல்வார் என்று இவருமாக, அந்த ஒருவருக்கு மட்டும் எவரும் செய்தி சொல்லவில்லை. கீழே வந்து ஆள் கணக்கு எடுத்தபோதுதான் ஒருவர் இல்லை என்று தெரிந்தது. மேலே வெகுநேரம் அந்தத் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். பின்னால் அந்த மலையைத் திரும்பப் பிடித்தார்கள். அவர் அங்கே இல்லை. வருசநாட்டில் அவர் மனைவி அப்போது பிள்ளைத்தாய்ச்சி.

"அடுத்த பரேடுல எங்க பெரிய அதிகாரி தன்னோட கயித்த வலத் தோள்ல இருந்து கழத்தி, முடிச்சுப் போட்டு, இடத் தோள்ல மாட்டுனாக. யாரையும் மாட்டச் சொல்லல. ஆனா மொத்தப் பட்டாலியனும் மாட்டுச்சு. அவுக திரும்பி வரணும், இல்ல அவுக எலும்பாவது வீடு வந்து சேரணும். அன்னைக்குத்தான் முடிச்ச அவுத்து வலப்பக்கம் மாட்டுவோம். புதுசா சேருற பயலுக்கும் அதச் சொல்லித்தான் கயிறு குடுப்பாக" என்றார் மாமா.

நான் நிமிர்ந்து பேனரைப் பார்த்தேன். வலத் தோள். வழுவழுப்பான கயிறு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்தது அதைவிட மோசமானது என்று அந்த நேரத்தில் எனக்குப் பாதிதான் புரிந்தது.

கூட்டத்துக்குப் புரிந்தது வேறு. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர், "அப்ப ஒரு ஆள அம்போன்னு விட்டுட்டு வந்த பட்டாளமா? இதையாப்பா இம்புட்டு நாளும் தோள்ல போட்டுக்கிட்டுத் திரிஞ்சே?" என்றார். சிலர் வெளியூர்க்காரர்களின் தோள்களைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. அம்மா மாமாவின் கையைப் பிடித்து, "ஏன்டா தம்பி, இத இங்கன வச்சா சொல்லணும். குடும்பத்துக்கே கேவலமா இருக்குடா" என்று அடிக்குரலில் சொன்னாள். பேனர் வைத்தவன் சமாதானமாக, "நீங்க அப்ப பட்டாளத்துலயே இல்லையே, உங்களுக்கு எதுக்கு அது" என்றான்.

"ஜெயிச்ச மலையிலயும்தான் நான் இல்ல" என்றார் மாமா. "அத எங்க பட்டாலியன் ஜெயிச்சதுன்னு சொல்லித்தான நெஞ்ச நிமித்துறேன். நல்லதுல மட்டும் பங்கு கேட்டா எப்பிடிப்பா?"

இந்த வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே தேனியில் இருந்து கம்பம் போகிற பஸ் வந்து நின்றது. நான் பேனர்க் கயிற்றை இழுத்தேன். எத்தனையோ பேனர்களை இறக்கிய கை, அன்று அவசரத்தில் தப்பான நுனியை இழுத்ததில் சுருக்கு இறுகிக்கொண்டது.

சின்னம்மா பட்டுச் சேலை கட்டியிருந்தார். கையில் ஒரு மஞ்சப் பை. பஸ் படியில் நின்றவாறே பேனரை அண்ணாந்து பார்த்தார். கண்டக்டர் இறங்கச் சொல்லி ஏதோ சொன்னது அவர் காதில் விழவில்லை. இறங்கியதும் பை கையில் இருந்து நழுவியது. அதை எடுக்காமல் நேராக மாமாவிடம் ஓடி வந்தார். அந்த முகத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ஐம்பதைத் தாண்டிய அந்த முகத்தில், பள்ளிக்கூட வாசலில் அப்பாவைக் கண்ட பிள்ளையின் மலர்ச்சி இருந்தது.

"அண்ணே, முடிச்ச அவுத்துட்டீகளா? எங்கப்பாவக் கண்டுபிடிச்சிட்டாகளா?"

அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். "எங்கன வச்சிருக்காக? இதச் சொல்லத்தான் வரச் சொன்னீகளா?" என்று சின்னம்மா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். என் முகத்துக்கு வந்தபோது நான் சொல்ல வேண்டியதாயிற்று.

"இல்ல சின்னம்மா. படம் எடுப்பா இருக்கட்டும்னு நான்தான் அழிச்சேன்."

அவருக்கு அது உடனே விளங்கவில்லை. "படத்துலயா?" என்றார். தலையாட்டினேன். மறுபடி பேனரை ஒரு தடவை பார்த்தார். பிறகு திரும்பிப் போய், ரோட்டில் கிடந்த பையை எடுத்துத் தூசி தட்டினார். அதைத் தட்டி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. திரும்பி வந்தபோது முகம் பழையபடி ஆகியிருந்தது. "வாங்கண்ணே, சோறு ஆறிப்போகும்" என்று மாமாவைக் கூட்டிக்கொண்டு விருந்துப் பந்தலுக்கு நடந்தார். அந்தப் பட்டாளத்துக்காரர்கள் அவர் பின்னால் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றியிருந்தால் எனக்கு அது பெரிய உபகாரமாக இருந்திருக்கும்.

தலைவர் கடைசி வரை வரவேயில்லை. அன்று சாயங்காலம் பேனரைக் கத்தியால் கிழித்து இறக்கினேன். அதற்கப்புறம் மாமா என்னிடம் அது பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நானும் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லப் போனால் எதற்கென்று சொல்வது. ஒரு பட்டாலியனே இத்தனை காலமாக அவிழ்க்கக் கூசிய முடிச்சு அது. என் கடையில் டீ ஆறுவதற்குள் அதை இல்லாமல் செய்துவிட்டேன். அதைவிடக் கேவலம், மாமா கெஞ்சிய நேரத்தில் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளர்களைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றது. அதை நினைத்தால் இன்றும் தனியாக இருக்கும்போது முகம் சுடுகிறது.

இந்த வருடமும் அந்த நாள் வந்தது. மாமாவுக்குத் தோள் வலி, கையைத் தூக்க முடியவில்லை. ஆணியைக் காட்டி, "அத எடுத்து மாட்டிவிடு மாப்ள" என்றார். எடுத்தேன். முடிச்சு பழசாகிக் கொஞ்சம் நெகிழ்ந்திருந்தது. "இறுக்கு" என்றார். இரண்டு நுனியையும் பிடித்து இறுக்கி, அவருடைய இடத் தோளில் மாட்டினேன். பைக்கில் வருசநாடு போய்ச் சேரும்போது இலவங்காய் வெடித்துத் தோப்பெல்லாம் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. வண்டிச் சத்தம் கேட்டுச் சின்னம்மா முடியில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தார். வந்தவர், மாமாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் தோளைப் பார்த்தார்.