வடிவு ஜெயித்த கேஸ்

போன வியாழக்கிழமை பம்பாய் மாட்டுங்கா மார்க்கெட்டில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். 'அக்கா!' என்று ஒரு குரல்.

திரும்பினால்... வடிவு. ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறாள். கம்பெனியின் நீலப் புடவை, புருவத்தில் ஒட்டிய பவுடர், கழுத்தில் தாலி, ஆறு மாத வயிறு.

அந்த நீலப் புடவையும் தாலியும் ஒரே பெண்ணிடம் இருக்கக் கூடாது என்பதுதான் ஒரு காலத்தில் அந்தக் கம்பெனியின் விதி.

அவளைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசை. பொய் சொல்வானேன்? வயிறு எரிந்தது.

செம்பூரில் முகப்பவுடர் தயாரிக்கும் கம்பெனி அது. பெயர் வேண்டாம். கல்யாணத்துக்கு முன் ஏழு வருஷம் அங்கே டைப்பிஸ்டாக இருந்தேன். சேரும்போது கொடுத்த உத்தரவில் ஒரு வரி — பெண் ஊழியருக்குத் திருமணம் ஆனால் அன்றோடு வேலை முடியும். ஆண்களுக்கு அப்படி ஒரு வரி கிடையாது. ஏன் கிடையாது என்று நான் கேட்டேனா? எங்கே!

கல்யாணம் நிச்சயமானதும் மானேஜர் கூப்பிட்டார். 'நீயே ராஜினாமா கொடுத்துவிடு அம்மா, கௌரவமாக இருக்கும்' என்றார். என் ராஜினாமாவை நானே டைப் அடித்தேன். ஒரு பிழை இல்லை. இத்தனை வருஷம் காட்டிய அன்புக்கு நன்றி என்று அழகான இங்கிலீஷில் ஒரு வாக்கியம் வேறு! உருளைக்கிழங்கு வைத்த பட்டாட்டா வடையும் டீயும் கொடுத்து, ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்து அனுப்பினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். ரொம்ப நாள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வடிவு டப்பாவில் பவுடர் நிரப்பும் பிரிவில் இருந்தாள். தாராவிப் பெண். குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். நாலாவது வரைதான் படிப்பு. நான் விலகி இரண்டு வருஷம் கழித்து அவளுக்குக் கல்யாணம். அந்தப் பிரிவில் தாலியை ரவிக்கைக்குள் மறைத்துக் காலம் தள்ளியவர்கள் உண்டு. இவளோ புது மஞ்சள் கயிறு பளிச்சென்று தெரியத்தான் வேலைக்குப் போனாள்.

'நாளையிலிருந்து வராதே' என்றார் மானேஜர்.

வடிவு நகரவில்லை. தனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டாள்: 'பாண்டுரங் கா பி ஷாதி ஹுவா நா சாப்? உஸ்கோ கியூ நஹி நிகாலா?'

பாண்டுரங் அதே பிரிவில் மூடி போடும் மெஷின்காரன். முந்தின மாதம்தான் அவனுக்குக் கல்யாணம். கம்பெனியே மாலை போட்டு வாழ்த்தியது! அவனை ஏன் நிறுத்தவில்லை? மறுநாள் வாட்ச்மேன் அவளை கேட்டுக்குள்ளேயே விடவில்லை.

யூனியன் விஷயத்தை லேபர் கோர்ட்டுக்குக் கொண்டுபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வடிவு என் வீட்டுக்கு வந்தாள்.

'அக்கா, ஒங்களையும் இப்பிடித்தான நிப்பாட்டுனானுவ? கோர்ட்ல வந்து உள்ளத மட்டும் சொல்லுங்க, போதும். மத்தவ எல்லாம் பயப்படுதாளுவ.'

'யோசிச்சுச் சொல்றேன்' என்று அனுப்பிவிட்டேன்.

என்ன யோசித்தேன் தெரியுமா? இவள் ஜெயித்துவிட்டால் என் நன்றிக் கடிதம், கைதட்டல்... எல்லாம் வெறும் அசட்டுத்தனம் என்று ஆகிவிடுமே! அவள் தோற்றால் தேவலை என்று மனசின் ஒரு மூலை நினைத்தது. ஆமாம், நினைத்தது.

என் கணவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். 'கோர்ட்ல போய் நிக்கணுமா? அவளுக்கு வேலை திரும்பக் கிடைச்சா உனக்கு என்ன கிடைக்கப்போறது?'

நான் நினைத்ததையேதான் சொன்னார். ஆனால் இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது எவ்வளவு அல்பமாக இருந்தது! அதற்காகவே போனேன்.

கம்பெனி வக்கீல் என் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார்.

'இது உங்கள் கையெழுத்துதானே? யாராவது மிரட்டினார்களா?'

'இல்லை.'

'நன்றி வேறு சொல்லியிருக்கிறீர்களே!'

யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. வடிவு பெஞ்சு நுனியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யூனியன் வக்கீல் எழுந்தார். ஒரே கேள்வி. 'அந்த விதி இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பீர்களா?'

'மாட்டேன்' என்றேன். அந்த வார்த்தையை அதுவரை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

சில மாதங்களில் தீர்ப்பு வந்தது. பெண்களுக்கு மட்டும் அப்படியொரு விதி வைப்பது நியாயமில்லை. வடிவைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அவள் சர்வீஸ் நடுவில் அறுந்ததாகக் கருதக் கூடாது. தாராவியில் அவள் தெரு முழுக்க லட்டு. என் வீட்டுக்கும் ஒரு பொட்டலம் வந்தது.

வெட்கத்தை விட்டு நானும் யூனியன் ஆபீசுக்குப் போனேன். என் வேலை?

செயலாளர் தலையைச் சொறிந்தார். 'உங்களை அவங்க டிஸ்மிஸ் பண்ணலையேம்மா. நீங்களாத்தானே எழுதிக் கொடுத்தீங்க...'

தன்னை டிஸ்மிஸ் செய்யவில்லையே என்று வருத்தப்பட்ட ஒரே பெண்பிள்ளை, இந்தப் பம்பாயில் நானாகத்தான் இருப்பேன்.

மார்க்கெட்டில் வடிவு என் கையைப் பிடித்துக்கொண்டாள். 'கொளந்த பெறந்தா சம்பளத்தோட லீவு உண்டாம்லாக்கா!' என்று சிரித்தாள். பிறகு கேட்டாள்: 'ஏம்க்கா, நீங்களும் அன்னைக்கே ஏன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?'

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை. ஏதோ சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். நாலு நாளாகிறது. எரிச்சல் இன்னும் தணியவில்லை.

வேலைக்குப் போகும் வாசகிகளே, ராஜினாமா எழுதித் தரச் சொன்னால் கூச்சப்படாமல் 'ஏன்?' என்று கேட்டுவிடுங்கள். காலமெல்லாம் பொறாமைப்படுவதைவிட — அனுபவத்தில் சொல்கிறேன் — அது ரொம்பச் சுலபம்.