எட்டடி அறை

என் அக்காவின் கணவருக்கு எங்கள் குடும்பத்தில் ‘வெண்கலம்’ என்று பெயர். அப்படி ஒரு குரல். அந்தக் குரலை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருடம் ஓர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒலிநூல் வாசிக்கப் போகிறேன் என்று வந்து நின்றார். பன்னிரண்டு பாக நாவல் ஒன்றை வாசிக்க ஒரு நிறுவனம் ஆள் தேடியது. மாதிரிப் பதிவு தேறினால் இரண்டு வருடத்துக்குக் கவலையில்லை. தேறாவிட்டால் ஐம்பது வயதில் யார் வாசலில் போய் நிற்பது?

வாடகை வீட்டின் பின்னறையை அதற்கென்று ஒதுக்கினார். நீளம் எட்டடி, அகலம் எட்டடி, உயரமும் எட்டடி. “அளவெடுத்துக் கட்டின மாதிரி இருக்கு பாரு மாப்ள” என்று பூரித்துப்போனார். நான் சோபா தைக்கிறவன். சுவரெல்லாம் ஒட்ட ஸ்பஞ்சு கேட்டார், கொண்டுபோய் இறக்கினேன். சத்தத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

முதல் மாதிரி திரும்பி வந்தது. பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருக்கிறதாம்.

“அப்ப ஸ்பஞ்சு பத்தல” என்றார் அத்தான். இன்னொரு அடுக்கு ஒட்டினோம். ஜன்னலையும் அடைத்தாயிற்று. இரைச்சல் என்று மின்விசிறியைக் கழற்றினார். ஒருமுறை உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தேன். காதை யாரோ பொத்தியதுபோல் இருந்தது. பேசினால் பேச்சு உதட்டிலேயே செத்தது, நெஞ்சுக்குள் மட்டும் கும்மென்றது. பத்து நிமிடத்தில் ஓடி வந்துவிட்டேன். அந்த மனிதர் தினமும் நான்கு மணி நேரம் அதில் வெந்துகொண்டிருந்தார். “என்னைக் கட்டினதுக்குப் பதிலா அந்த ரூமைக் கட்டியிருக்கலாம்” என்று அக்கா முணுமுணுத்தாள்.

இரண்டாவது மாதிரியும் திரும்பியது. வெள்ளிக்கிழமைக்குள் கடைசி வாய்ப்பு என்றார்கள்.

என் கடைக்கு நாற்காலி தைக்கக் கொடுத்திருந்த ஒலிப்பதிவுக்காரர் ஒருவரைக் கையோடு கூட்டிப் போனேன். அவர் மூலைக்கு மூலை நின்று கை தட்டினார். அத்தானைப் பேசச் சொன்னார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

“ஸ்பஞ்சு கீச்சுச் சத்தத்தைத்தான் சார் தின்னும். அடிக்குரல் அப்படியே நிக்கும். நீளம், அகலம், உயரம் மூணும் ஒண்ணா இருந்தா அது இன்னும் வீங்கும். உங்க குரல் கரெக்டா அந்த இடத்துல உக்காந்திருக்கு.”

“என்ன பண்ணணும்?”

“மூலையெல்லாம் ரெண்டடி கனத்துக்குப் பஞ்சு அடைக்கணும். அப்புறம் நீங்க உக்கார இடமிருக்காது. வேற ரூம் பாருங்க.”

வேறு அறை எங்கே இருக்கிறது? முன்னறைக்கு வெளியே பேருந்துச் சாலை. சமையலறைச் சுவருக்கு அந்தப்பக்கம் தண்ணீர் மோட்டார்.

போகிற போக்கில் ஒப்பிட்டுப் பார்க்க, ஒலிப்பதிவுக்காரர் அக்காவை உள்ளே உட்கார வைத்து நாவலில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் கடகடவென்று வாசித்தாள். ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றினார். “இவங்க குரலுக்கு இந்த ரூம் அம்சமா இருக்கு சார்.”

அத்தான் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அத்தான் அந்தப் பதிவையே மாதிரியாக அனுப்பிவிட்டார், அக்காவுக்குத் தெரியாமல். ஒரு மணி நேரத்தில் சம்மதம் வந்தது.

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அந்த அடுப்புக்குள்ள நான் ரெண்டு வருஷம் வேகணுமா?”

“வேற வழி தெரியலம்மா.”

எனக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தான் மாட்டிக்கொண்ட பொறியில் என் அக்காவைத் தள்ளிவிட்டாரே. ஆனால் அந்தப் பொறிக்கு மெத்தை போட்டவன் நான், எந்த முகத்தோடு கேட்பேன்? வீட்டு நிலைமை தெரிந்து அக்காவும் கடைசியில் தலையாட்டினாள். ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்: அவள் வாசிக்கும்போது அவர் வீட்டில் இருக்கக்கூடாது. அவர் இருமினால் கதவைத் தாண்டி உள்ளே கேட்கிறது.

இப்போது பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை என் கடையில்தான் இருக்கிறார். முந்தைய நாள் அவள் வாசித்ததைக் கேட்டுத் தப்புகளை வெட்டி எடுக்கிறார். யாரோடும் பேசுவதில்லை. நேற்று மனசு கேட்காமல் நானே பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அக்கா எப்படி வாசிக்கிறா அத்தான்?”

ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினார்.

“ரொம்ப நல்லா வாசிக்கிறா மாப்ள” என்றார். “அதான் தாங்க முடியல.”